நல்லவரின் கல்லீரல்

என் அண்ணிக்கு 'ஸ்பேஸ்பார்' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை. எங்கள் ஸ்கேன் சென்டரில் முன்பக்கக் கவுன்ட்டர் என்னுடையது. எனக்குப் பின்னால் ஒரு மெல்லிய தடுப்பு, அதற்குப் பின்னால் ரிப்போர்ட் டைப் செய்கிற அறை. ஒரு தலைப்பை நடுவில் கொண்டுவர உலகத்தில் எல்லாரும் ஒரு பட்டனை அழுத்துவார்கள். அண்ணி ஸ்பேஸ்பாரைத் தட்டுவாள். தட், தட், தட் என்று பதினேழு தடவை, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே. அடுத்த தாளுக்குப் போக வேண்டுமானால் என்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பொறுமை அவ்வளவாகக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எனக்குப் பெயர் மிளகாய்.

அண்ணி டைப்ரைட்டரில் பழகியவள். படித்து முடித்த சூட்டோடு வேகத் தேர்வு எழுதி முதலாவதாக வந்தவள். ஒரு வரி முடிந்தால் அவள் இடது கை தானாக மேலே போகும். டைப்ரைட்டரில் உருளையைத் தள்ளிய பழக்கம். கம்ப்யூட்டரில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லையே, அதனால் அந்தக் கை காதோர முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒதுக்குவாளோ, அந்தப் பக்கம் மட்டும் முடி எப்போதும் படிய வாரினாற்போல இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த ஸ்கேன் சென்டர் வேலைக்காக நான் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை, யாரும் கேட்காமலே எடுத்துப் படித்து, பதினோரு தப்பைச் சுழித்து வைத்திருந்தாள். சிவப்பு மையில். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள் அவள் திருத்தியதையே அப்படியே எழுதிக் கொடுத்து வேலையையும் வாங்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, "டைப்பிங்ல நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டபோது அண்ணியின் பெயரைச் சொன்னதும் நான்தான். பதினோரு தப்புக்கும் பழி வாங்கியாயிற்று என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், எதையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். "யாரு யாரைப் பழி வாங்குறீங்கன்னு பாக்கலாம்" என்றான்.

இப்போது நல்லவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாமல் இந்தக் கதை புரியாது.

பதினான்கு வருடத்துக்கு முன்பு ஒருவர் எங்களிடம் வயிற்று ஸ்கேன் எடுக்க வந்தார். கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், எதிலும் ஒரு குறை கிடையாது. எல்லாம் அளவெடுத்துச் செய்தது போல. அவருடைய ரிப்போர்ட்டை அப்போதிருந்த யாரோ ஒரு டைப்பிஸ்ட் கம்ப்யூட்டர் முகப்பிலேயே போட்டு 'நல்லவர்' என்று பெயரும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து யார் வந்தாலும் நல்லவரைத் திறப்பார்கள். அவர் பெயரை அழித்து வந்தவர் பெயரைப் போடுவார்கள், வயதை மாற்றுவார்கள், எந்த உறுப்பில் குறையோ அந்த வரியை மட்டும் திருத்துவார்கள், வேறு பெயரில் சேமிப்பார்கள். மீதியெல்லாம் நல்லவருடையது. ஸ்கேன் பார்க்கிற எங்கள் பெரிய டாக்டரும் அதற்குத் தோதாகப் பழகிக்கொண்டார். ஸ்கேன் பார்த்து முடித்ததும் கையடக்க ரெக்கார்டரில், "எல்லாம் நல்லவர் மாதிரி, பித்தப்பையில மட்டும் ரெண்டு கல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதைக் கேட்டுத்தான் டைப்பிஸ்ட்டுகள் அடிப்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேருடைய அலமாரியில் பத்திரமாக இருப்பது அந்த மனிதரின் கல்லீரல்தான்.

இதனால் வந்த கூத்தெல்லாம் என் கவுன்ட்டரில்தான் இறங்கும். நல்லவருடைய பெயரே அழிபடாமல் போன ரிப்போர்ட் எத்தனையோ. "இது யாருங்க?" என்று கேட்டுத் திரும்பி வருவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லுவேன். ஒருமுறை ஒரு தலைமை ஆசிரியைக்கு, ஆண்களுக்கு மட்டுமே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி சரியான அளவில் இருப்பதாக ரிப்போர்ட் போய்விட்டது. அந்தம்மா கவுன்ட்டருக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது எனக்கு எப்போலேர்ந்து இருக்கு?" என்று கேட்டார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நான் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினேன்.

அது சிரித்துக் கடந்துபோகிற தப்பு. அண்ணியின் கையால் நடந்தது அப்படி இல்லை.

வேலை அதிகமான நாள்களில் நல்லவரைத் தேடித் திறப்பதற்குச் சோம்பல்பட்டு, கடைசியாக அடித்த ரிப்போர்ட்டின் மேலேயே அடுத்ததை அடிக்கிற பழக்கம் மூன்று டைப்பிஸ்ட்டுகளுக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு வலது சிறுநீரகத்தில் கல் இருந்த ஒரு தச்சருடைய ரிப்போர்ட்டின் மேல், இடது சிறுநீரகத்தில் கல் இருந்த ஒரு பேக்கரிக்காரருடைய ரிப்போர்ட்டை அண்ணி அடித்தாள். மேலே நாலு இடத்தில் 'இடது' என்று மாற்றினாள். கடைசியில் முடிவு என்று ஒரு பத்தி வரும், அங்கே தச்சருடைய 'வலது' அப்படியே தங்கிவிட்டது. டாக்டரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்கள் அந்த முடிவுப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள். நல்லவேளை, அந்த டாக்டர் படத்தையும் ஒரு பார்வை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்து கிழிகிழி என்று கிழித்துவிட்டார்.

பெரிய டாக்டர் டைப்பிங் அறை வாசலில் வந்து நின்றார். "யாரு டைப் பண்ணது?"

அண்ணி எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

"ஒரு ஆளோட நல்ல கிட்னியில கத்தி வெச்சிருப்பாங்கம்மா. புரியுதா?"

"புரியுது சார். தப்பு என்னோடது."

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ரத்தம் கொதித்தது. கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்குக் கண் இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. அண்ணி ஒரு சாக்கும் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த மேனேஜர், ரிப்போர்ட் அடிக்கிற வேலையை ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுக்க ஏற்கெனவே பேச்சு நடக்கிறது என்றும், மற்ற இருவரைக் கவுன்ட்டர் பக்கம் மாற்றிக்கொள்வதாகவும், அண்ணி மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றும் சொன்னார். மாதக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

"அந்த இருபத்தாறு நாளை எனக்குக் குடுங்க சார்" என்றாள் அண்ணி. "இந்தத் தப்பு இனிமே வரவே முடியாதபடி பண்ணிக் காட்டுறேன்."

"இனிமே கவனமா இருக்கேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார் டாக்டர்.

"கவனமா இருக்கேன்னு நான் சொல்லல சார். கவனம் இல்லாதப்பவும் தப்பு வரக்கூடாது. அந்த மாதிரி பண்றேன்னு சொல்றேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பண்ணுங்க" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். அண்ணன் சமாதானமாக, "வேலை போனா போகுது, விடு. வேற கிடைக்காமலா போயிடும்?" என்றான்.

"வேலை போறதுன்னா போகட்டும்" என்றாள் அண்ணி. "தப்பு பண்ணிட்டுப் போனவள்னு போக மாட்டேன். பத்து வருஷம் கழிச்சும் அந்த ரூம்ல என் பேரைச் சொன்னா அதுதான் ஞாபகம் வரும். அது எனக்கு வேண்டாம்." பிறகு போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் உயர்நிலை வகுப்பு என்று போட்டிருந்த இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாத்தியார் நல்ல பையன்தான், பாவம். எழுத்தை வில் மாதிரி வளைப்பது எப்படி, தாளைச் சுற்றிப் பூ பார்டர் போடுவது எப்படி, டேபிளுக்குக் கலர் கொடுப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அண்ணி கையைத் தூக்கினாள்.

"தம்பி, ஒரு இடத்துல 'இடது'ன்னு போட்டா அஞ்சு இடத்துல தானா 'இடது'ன்னு வரணும். அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு மேடம். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திடலாம்."

"மாத்தணும்னு எனக்கு ஞாபகம் இருந்தாத்தானே மாத்துவேன்? நான் மறந்தாலும் அது மறக்கக் கூடாது."

வாத்தியார், அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார். பூ பார்டர் இருக்கிறது, அது இல்லை. இடைவேளையில் அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "வழி இல்லேன்னு சொல்லலை பாரு" என்றாள் பஸ் நிறுத்தத்தில். "பாடத்துல இல்லேன்னுதான் சொன்னாரு. அப்போ எங்கயோ இருக்கு."

இருந்தது. டைப் செய்கிற திரையில் மேலே இருக்கும் பட்டியில் எல்லாருக்கும் தெரிகிற டேப்கள் போக, 'டெவலப்பர்' என்று இன்னொரு டேப் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறதாம். அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டால்தான் வெளியே தலை காட்டும். உதவிப் பக்கங்களைப் படித்துப் படித்து மூன்றாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கண்டுபிடித்தாள். டிபன் டப்பாவைத் திறக்காமலே வந்து என்னிடம் சொன்னாள். "இத்தனை வருஷமா இது இங்கயேதான் இருந்திருக்கு, மிளகா. ஒரு டிக் போட ஆள் இல்லாம." நான் டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். இல்லையென்றால் அன்றைக்குப் பட்டினிதான்.

அதற்கப்புறம்தான் உண்மையான பாடு. ஆணா பெண்ணா என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்கேற்ற வாக்கியத்தைக் கம்ப்யூட்டரே எடுத்துப் போட வேண்டும் என்று முடிவு செய்தாள். தலைமை ஆசிரியைக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது. அதற்கு ஒரு வாய்பாடு மாதிரி எழுத வேண்டுமாம்: இன்னது ஆண் என்றால் இந்த வாக்கியம், இல்லையென்றால் அந்த வாக்கியம். அதை இரட்டை வளைவான அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். அண்ணி அடைப்புக்குறியைக் கீபோர்டில் பார்த்து அடித்தாள். எழுத்து பிசகாமல், இடைவெளி பிசகாமல் அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எழுதியது எழுதியபடி தாளில் மொட்டையாக உட்கார்ந்திருந்தது. நாலு நாள். அழித்து அடித்தாள், புதிதாக அடித்தாள், உதவிப் பக்கத்தில் இருந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டாள். தப்பே இல்லாத ஒன்று வேலை செய்யவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விட்டுத் தொலைங்க அண்ணி. இதுக்கு எவனோ ஒருத்தன் காசு வாங்கிட்டு பண்ணிக் குடுப்பான்" என்றேன்.

"எவனோ ஒருத்தன் பண்ணா, நாளைக்கு அது கெட்டுப்போனா அவனைத்தானே தேடணும்? நான் இருக்கேனே."

ஐந்தாவது நாள் விஷயம் தெரிந்தது. அந்த அடைப்புக்குறியைக் கையால் அடிக்கவே கூடாது. கன்ட்ரோலையும் எஃப் ஒன்பதையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கையால் அடித்தது அதற்கு வெறும் எழுத்து. நிமிடத்துக்கு அறுபது சொல் அடிக்கிற என் அண்ணிக்கு, அடிக்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை. வாழ்க்கையில் எதையுமே அடித்துத்தானே வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு அவள் தன்னைப் பார்த்தே சிரித்த சிரிப்பில் மற்ற இரண்டு டைப்பிஸ்ட்டுகளும் எழுந்து வந்துவிட்டார்கள்.

பிறகு மளமளவென்று நடந்தது. 'பக்கம்' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும், வலது, இடது என்று. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த கட்டத்துக்குப் போனதும், முடிவுப் பத்தி உட்பட ஐந்து இடத்திலும் அதே சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டங்களைத் தவிர வேறெங்கும் கை வைக்க முடியாதபடி பூட்டு. யார் பெயரும், யார் உறுப்பும் மிச்சம் இருக்காது, ஒவ்வொரு தடவையும் வெறும் படிவத்தில் இருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

"ஒரு சோதனை வைக்கணும். உன்னை மாதிரி அவசரக்குடுக்கை ஒருத்தி வேணும்" என்று என்னைக் கூப்பிட்டாள். பாராட்டா திட்டா என்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். மூன்று ரிப்போர்ட்டை என் இஷ்டத்துக்குப் படபடவென்று நிரப்பினேன். மூன்றிலும் 'பக்கம்' கட்டத்தைத் தொடவே மறந்துவிட்டேன். மூன்று பேருக்கும் 'வலது' என்று அச்சாகி வந்தது. பட்டியலில் முதலில் இருப்பது எதுவோ அதுதான் தானாக நிற்கும் போலிருக்கிறது.

"கெடுத்துட்டேனா?" என்றேன்.

"கெடுக்கத்தானே கூப்பிட்டேன்" என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. "இதை நானா உக்காந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்." பட்டியலின் முதல் இடத்தில் வலதையும் வைக்கவில்லை, இடதையும் வைக்கவில்லை. நாலு கேள்விக்குறி வைத்தாள். யாராவது மறந்தால், ஐந்து இடத்தில் நாலு நாலு கேள்விக்குறி பெரிசு பெரிசாக நிற்கும். குருடனுக்குக்கூடத் தெரியும்.

போகிற போக்கில் தலைப்பை நடுவில் நிறுத்துகிற பட்டனையும் கற்றுக்கொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்தட் சத்தம் நின்றுபோனது. இரண்டு நாள் நான், அண்ணி லீவோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியில குடுத்தா இன்னும் வேகமா வரும். அவங்க முப்பதாம் தேதி வர்றாங்க" என்றார். அண்ணி மூன்று கம்ப்யூட்டரிலும் அந்தப் படிவத்தையே ஏற்றினாள். அதில்தான் எல்லா ரிப்போர்ட்டும் போக ஆரம்பித்தன.

இருபத்தெட்டாம் தேதி காலை, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கவுன்ட்டருக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். வலியில் நெற்றி வியர்த்திருந்தது.

"முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவைம்மா. பதினாலு வருஷம் இருக்கும்."

பெயரைக் கேட்டேன். சொன்னார். என் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. நல்லவர். எத்தனை பேருடைய ரிப்போர்ட்டில் நான் அடித்துத் திருத்திய பெயர், இதோ எதிரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், முதல் ஆளாக உள்ளே அனுப்பினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்கேன் முடிந்து அவர் என் எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் காலையிலேயே அறுவை சிகிச்சைக்குச் சேரச் சொல்லியிருக்கிறார்களாம், ரிப்போர்ட்டை உடனே கொண்டுபோக வேண்டுமாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மேசையில் இன்டர்காம் அடித்தது. உள்ளே இருந்து அண்ணி.

"உன் எதிர்ல ஒருத்தர் உக்காந்திருப்பாரே, அவர் எந்தப் பக்கம் பிடிச்சுட்டு இருக்கார்?"

பார்த்தேன். "வலது."

"உன் வலதா, அவர் வலதா?"

அதை நான் யோசிக்கவில்லை. எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அவர் கை வைத்திருந்த அதே பக்கம் என் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

"இடது அண்ணி. அவரோட இடது."

"ம்" என்று வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். டாக்டர் ரெக்கார்டரில், "வலது சிறுநீரகத்துல வீக்கம், குழாய்ல கல்லு அடைச்சிருக்கு, மத்ததெல்லாம் நல்லவர் மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். யாரைப் பார்த்து அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அண்ணி 'வலது' என்று தேர்ந்தெடுத்தாள். ஐந்து இடத்திலும் வலது வந்துவிட்டது. கடைசியில் முடிவைச் சொல்லும்போது டாக்டர் குரல், "இடது பக்கம் கல்" என்றது. பழைய முறையாக இருந்தால் காதில் விழுந்ததை விழுந்தபடி அடித்திருப்பாள், அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். இப்போது அந்த இடத்தில் ஏற்கெனவே 'வலது' என்று எழுதியிருந்தது. காது ஒன்று சொன்னது, கண் ஒன்று சொன்னது. கை நின்றுவிட்டது. மூன்று தடவை திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போவதை நான் பார்த்தேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டரிடம் போய், தப்பு சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லப் போகிறாள். ரிப்போர்ட் வாங்க வந்தவருக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டு, கதவிடுக்கில் காதை வைத்தேன்.

"நான் சொன்னதை அப்படியே டைப் பண்ணுங்கம்மா. வெளிய ஆள் வெயிட் பண்றாங்க."

"நீங்க ரெண்டையும் சொல்லியிருக்கீங்க சார். மேல வலது, முடிவுல இடது."

"அப்போ மேல உள்ளதைப் போடுங்க. பார்த்துட்டே சொன்னது அதுதான்."

"போட முடியும் சார். போட்டா அஞ்சு இடத்துலயும் வலதுன்னு வரும், பாக்கறதுக்கு எந்தக் குறையும் இருக்காது. ஆனா அவர் இடது பக்கம் பிடிச்சுட்டு உக்காந்திருக்கார். படத்தை ஒரு தடவை பாத்துடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மவுஸ் கிளிக் ஆகிற சத்தம்.

"இடது" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "இடதுதான். நான் மறுபடி சொல்லி அனுப்புறேன்."

அண்ணி வெளியே வந்தாள். கதவிடுக்கில் நான் நின்றதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. பயப்படவே இல்லை என்று நினைத்தேனே, பயந்துகொண்டேதான் போயிருக்கிறாள்.

கால் மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. பெயர், வயது, இடது சிறுநீரகம், ஐந்து இடத்தில் இடது. நல்லவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கத் தயங்கினார்.

"கல்லு மட்டும்தாங்க. எடுத்தா சரியாயிடும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "உங்க கல்லீரல் ரொம்ப நல்லா இருக்கு. பதினாலு வருஷமா அப்படியேதான் இருக்கு."

"அப்படியா?" அவர் வலியிலும் கொஞ்சம் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் என் கல்லீரலைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா."

மாலையில் நான் பையை எடுத்துக்கொண்டு டைப்பிங் அறைக்குப் போனேன். மற்ற இருவரும் கிளம்பிவிட்டார்கள். அண்ணி கம்ப்யூட்டர் முகப்பில் இருந்த 'நல்லவர்' ஃபைலை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, ரெக்கார்டரை அழுத்தினாள்.

டாக்டர் குரல். முதலில் அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி, நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். முடிந்தது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமுகிற சத்தம். "இது ரிப்போர்ட்டுக்கு இல்ல. டைப் பண்றவங்களுக்கு. பக்கத்தை மாத்திச் சொன்னது நான். நீங்க வந்து நிக்கலேன்னா கையெழுத்தும் போட்டிருப்பேன். மாச ஆரம்பத்துல அந்தப் பேக்கரிக்காரர் ரிப்போர்ட்டும் நான் படிக்காம கையெழுத்துப் போட்டதுதான். அந்தத் தப்பை உங்க தலையில மட்டும் வெச்சிருக்கக் கூடாது. முப்பதாம் தேதி யாரும் வர மாட்டாங்க, மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

மறுபடி ஒருமுறை போடச் சொல்லலாம் என்று ஹெட்போனைக் கழற்றுவதற்குள் அவள் ரெக்கார்டரில் எதையோ அழுத்தினாள். தினமும் வேலை முடிந்ததும் அன்றைய பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். திரையில் ஒன்றும் இல்லை.

"அழிச்சுட்டீங்களா அண்ணி? அதையுமா? நானா இருந்தா ஊர் முழுக்கப் போட்டுக் காட்டியிருப்பேன்."

"கேட்டாச்சுல்ல" என்றாள்.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள், நின்று மறுபடி உட்கார்ந்தாள். "இன்னைக்கு நான் உக்காந்திருந்தேன், நிறுத்தினேன். நாளைக்கு நான் லீவு போட்டா அஞ்சு இடத்துலயும் ஒரே தப்பு அழகா உக்காந்துக்கும். முடிவுக்குன்னு தனியா இன்னொரு கட்டம் வேணும். டாக்டர் சொல்றதைக் கேட்டு ரெண்டு தடவை தேர்ந்தெடுக்கணும். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா, முடிவுப் பத்தியே வரக் கூடாது. 'டாக்டரைக் கேளுங்க'ன்னு வரணும்."

"நாளைக்குப் பண்ணுங்களேன். பஸ் போயிடும்."

"அஞ்சே நிமிஷம், மிளகா" என்றாள். கன்ட்ரோலும் எஃப் ஒன்பதும் ஒன்றாக அழுந்தின. அடைப்புக்குறி இரண்டும் தானாக வந்து நின்றன. அதற்குள் அவள் எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி முடிந்ததும் இடது கை மேலே போய், காதோர முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.